"எப்பவும் நூறு ரூபாய்க்குத்தான் போடுறேன்": பெட்ரோல் விலையும் ஒரு தொழிலாளியின் மாதக் கணக்கும்

பங்க் வரிசையில் நின்ற எல்லோரும் கேட்ட ஜோக்தான் இது. "விலை ஏறினா என்ன, இறங்கினா என்ன? நான் எப்பவும் நூறு ரூபாய்க்குத்தான் போடுறேன்!" சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பிப் போய்விடுவோம்.

ஆனால் அந்த ஜோக் சொல்வது நிஜம். டூவீலர்காரர்களில் பெரும்பாலோர் பெட்ரோலை லிட்டரில் கேட்பதில்லை, நோட்டில் கேட்கிறோம். அதனால் விலை ஏறும்போது பையிலிருந்து போகும் நோட்டு அதே நோட்டுதான். குறைவது வண்டி ஓடும் தூரம். வியாழக்கிழமை போட வேண்டிய பெட்ரோலைப் புதன்கிழமை சாயங்காலமே போடுகிறோம். மாதக் கடைசியில் எங்கோ இடிக்கிறது, எங்கே என்று தெரிவதில்லை.

பெட்ரோல் விலையைப் பற்றி டீக்கடை முதல் டிவி விவாதம் வரை எல்லோரும் பேசுகிறார்கள். "கச்சா எண்ணெய் விலை குறைஞ்சுதே, ஏன் இங்க குறையல?", "ஜிஎஸ்டிக்குள்ள கொண்டு வந்தா பாதி விலைதான்", "டீசல் ஏறினதாலதான் தக்காளி இந்த விலை". மூன்றிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியையும் பார்த்துவிடலாம்.

காசிமேட்டு வஞ்சிரம்

காசிமேட்டில் ஏலத்தில் ஒரு முழு வஞ்சிரம் எடுக்கிறார் ஒரு வியாபாரி. அதை வெட்டினால் நடுத்துண்டு மட்டும் கிடைப்பதில்லை. தலை, வால், கழிவு எல்லாம் சேர்ந்துதான் வரும். ஏல விலை, ஐஸ், வண்டி வாடகை, வெட்டுக்கூலி, அவருடைய லாபம் எல்லாம் சேர்ந்து நம் தெருவில் நடுத்துண்டின் விலையாகிறது.

நிலத்தடியிலிருந்து வரும் கச்சா எண்ணெய் அந்த முழு மீன். அப்படியே வண்டியில் ஊற்ற முடியாது. மணலியில் இருப்பதுபோன்ற சுத்திகரிப்பு ஆலையில் சூடாக்கிப் பிரிக்கும்போது பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், சமையல் எரிவாயு, கடைசியில் ரோடு போடும் தார் வரை தனித்தனியாக வருகின்றன. இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. அதாவது ஏலம் நடக்கும் துறைமுகம் நம் ஊரில் இல்லை.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்தால் தெருவில் மீன் விலை என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. எண்ணெய் ஏற்றுமதி செய்யும் நாடுகள் கூடிப் பேசி உற்பத்தியைக் குறைப்பதும் அதே விளைவைத்தான் தருகிறது. மீன் தடை குஞ்சு பொரிப்பதற்காக, அவர்கள் தடை விலைக்காக, வித்தியாசம் அவ்வளவுதான்.

கச்சா எண்ணெயை அளப்பது பேரல் கணக்கில். ஒரு பேரல் என்றால் சுமார் 159 லிட்டர். விலை டாலரில். இங்கேதான் பலரும் கவனிக்காத இரண்டாவது சக்கரம் சுழல்கிறது. துபாயில் வேலை பார்க்கும் அண்ணன் அனுப்பும் அதே திர்ஹம், சில மாதம் கூடுதல் ரூபாயாக வந்து சேரும். வீட்டில் மகிழ்ச்சி. திர்ஹம் டாலரோடு கட்டப்பட்ட நாணயம். ரூபாய் பலவீனமானதால்தான் அந்தக் கூடுதல். அதே காரணத்தால் எண்ணெய் வாங்கும் செலவும் ஏறியிருக்கும். அண்ணன் அனுப்பியதில் கொஞ்சத்தைத் தம்பி பங்க்கில் கட்டுகிறான்.

கணக்காகப் பார்த்தால், பேரல் 70 டாலர், டாலர் 86 ரூபாய் என்று வையுங்கள். ஒரு லிட்டர் கச்சா எண்ணெய் சுமார் 38 ரூபாய். பேரல் ஒரு டாலர் ஏறினால் லிட்டருக்கு 54 காசு கூடும். பேரல் விலை அசையாமல் டாலர் மட்டும் ஒரு ரூபாய் ஏறினால் 44 காசு கூடும்.

இதுவரை பார்த்தது: பெட்ரோலின் அடிப்படை விலை இரண்டு எண்களால் ஆடுகிறது. ஒன்று பேரல் விலை, மற்றது டாலர் விலை. இரண்டும் நம் கையில் இல்லை.

38 ரூபாய் எப்படி 100 ஆகிறது?

2025 நடுப்பகுதியில் சென்னையில் ஒரு லிட்டர் ஏறத்தாழ 100 ரூபாய் 80 காசு. அதைப் பிரித்துப் பார்ப்போம்.

கப்பல் வாடகை, சுத்திகரிப்பு, எண்ணெய் நிறுவனத்தின் லாபம் எல்லாம் சேர்ந்து பங்க் வாசலுக்கு வரும்போது சுமார் 53 ரூபாய். பங்க்காரருக்கு டீலர் கமிஷன் ஏறத்தாழ 4 ரூபாய் 40 காசு. விலை ஏறினால் பங்க் பையனிடம் சண்டை போடுகிறவர்கள் இந்தத் தொகையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போடலாம்.

அடுத்தது ஒன்றிய அரசின் கலால் வரி. ஒரு பொருள் உற்பத்தியாகும் இடத்திலேயே விதிக்கும் வரி அது. 2025 ஏப்ரலில் 2 ரூபாய் கூட்டிய பிறகு லிட்டருக்கு 21 ரூபாய் 90 காசு. கடைசியாக மாநில அரசின் வாட், அதாவது விற்பனையின்போது விதிக்கும் வரி. தமிழ்நாட்டில் இது 13 சதவீதமும் அதோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும். சேர்த்தால் சுமார் 21 ரூபாய் 80 காசு. ஒன்றிய அரசின் பங்கும் மாநில அரசின் பங்கும் அப்போது கிட்டத்தட்ட சரிசமம். யார் யாரைக் குற்றம் சொன்னாலும் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

வாட்டின் 13 சதவீதம் வெறும் பெட்ரோல் மேல் மட்டும் விழுவதில்லை. கலால் வரியும் கமிஷனும் சேர்ந்த தொகை மேல் விழுகிறது. வரிக்கே வரி.

வரியில் இரண்டு ஜாதி உண்டு. ரயில்வே ஸ்டேஷன் பைக் ஸ்டாண்டில் பழைய மொபெட்டை விட்டாலும் புது புல்லட்டை விட்டாலும் ஒரே டோக்கன் காசு. அது நிலையான வரி. வீட்டுப் புரோக்கர் வாடகைக்குத் தக்கபடி கமிஷன் கேட்பார். அது சதவீத வரி. கலால் வரி ஸ்டாண்டு டோக்கன் மாதிரி. பேரல் விலை பாதியாக விழுந்தாலும் அந்த 21 ரூபாய் 90 காசு நகராது. பேரல் விலை பாதியானால் பெட்ரோல் விலையும் பாதியாக வேண்டும் என்று எதிர்பார்ப்பது இங்கேதான் பொய்த்துப் போகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கட்சிச் சண்டைக்காக அல்ல. ஒன்றிய அரசின் அந்த 21.90-ல் அடிப்படைக் கலால் வரி வெறும் 1 ரூபாய் 40 காசு. மீதியெல்லாம் சிறப்புக் கூடுதல் வரியும் செஸ்ஸும்தான். செஸ் என்பது சாலை, விவசாயம் என்று ஒரு காரியத்தின் பெயர் சொல்லி வசூலிக்கும் வரி. மாநிலங்களோடு பங்கு போடுவது அந்த 1 ரூபாய் 40 காசை மட்டும். அதில் 41 சதவீதம், அதாவது 57 காசு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்துப் போகிறது.

இறங்கும்போது மட்டும் ஏன் வழி அடைபடுகிறது?

2020 ஏப்ரல். ஊரடங்கு. உலகமே வண்டியை நிறுத்திவிட்டது. உலகச் சந்தையில் அளவுகோலாக வைக்கும் பிரென்ட் வகை கச்சா எண்ணெய் ஒரு கட்டத்தில் பேரல் 20 டாலருக்கும் கீழே போனது. சென்னையில் அப்போது பெட்ரோல் 72 ரூபாய் 28 காசு. விலை சரிந்து விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. மார்ச்சில் 3 ரூபாய், மே மாதம் 10 ரூபாய் என்று ஒன்றிய அரசு கலால் வரியை 32 ரூபாய் 98 காசுக்கு ஏற்றியது. தமிழ்நாடும் அதே மே மாதம் தன் வரியை ஏற்றியது. பள்ளம் விழுந்த இடத்தில் வரி வந்து உட்கார்ந்தது. பிறகு பேரல் விலை பழைய இடத்துக்கு ஏறி வந்தபோது, உட்கார்ந்த வரி எழுந்து இடம் கொடுக்கவில்லை. அதன் தலைமேல் ஏறி நின்றது விலை.

பின்னால் வரியைக் குறைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் 3 ரூபாய் குறைத்தது. ஒன்றிய அரசு 2021 தீபாவளியின்போது 5 ரூபாயும் 2022 மே மாதம் 8 ரூபாயும் குறைத்தது.

"விலையை அரசு நிர்ணயிக்கவில்லை, நிறுவனங்கள்தான்" என்பது காகிதத்தில் சரி. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனில் நீக்கப்பட்டது. 2017 ஜூன் 16 முதல் தினமும் காலை 6 மணிக்குப் புது விலை. ஆனால் 2021 நவம்பர் 4 முதல் 2022 மார்ச் 21 வரை விலைப்பலகை அசையவே இல்லை. நடுவில் உத்தரப்பிரதேசம் உட்பட ஐந்து மாநிலத் தேர்தல். உக்ரைன் போர் வேறு தொடங்கி, பேரல் விலை நூறு டாலரைத் தாண்டியிருந்தது. மார்ச் 10 தேர்தல் முடிவு. 22-ஆம் தேதி தொடங்கி 16 நாளில் 14 முறை ஏற்றி, 10 ரூபாய் கூட்டினார்கள். சென்னையில் 110 ரூபாய் 85 காசு. அதற்குப் பிறகு மே மாத வரிக் குறைப்பைத் தவிர, 2024 மார்ச் வரை ஏறக்குறைய அசைவே இல்லை. தினசரி விலை என்பது பெயரில்தான் இருக்கிறது.

அந்த அசையாத காலத்தில் முதலில் எண்ணெய் நிறுவனங்கள் நட்டத்தைச் சுமந்தன. பிறகு பேரல் விலை இறங்கியபோது லாபத்தை அள்ளின. 2023-24-ல் மூன்று பொதுத்துறை நிறுவனங்களின் லாபம் சேர்ந்து சுமார் 81,000 கோடி ரூபாய். 2024 மார்ச்சில், நாடாளுமன்றத் தேர்தல் தேதி அறிவிப்பதற்குச் சற்று முன்னால், 2 ரூபாய் குறைந்தது.

ஜிஎஸ்டி விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். டீலர் கமிஷனும் சேர்ந்த அந்த 57 ரூபாய் சரக்குக்கு 2025 நடுப்பகுதியில் வரி சுமார் 44 ரூபாய். 28 சதவீத ஜிஎஸ்டி போட்டிருந்தால் வரி 16 ரூபாய்தான் வந்திருக்கும். விலை 73 ரூபாய் ஆகியிருக்கும் என்பது கணக்குப்படி சரி. லிட்டருக்கு 28 ரூபாயை இரண்டு அரசுகளும் சேர்ந்து விட்டுக்கொடுக்குமா என்பதுதான் கேள்வி.

பெட்ரோல் யாருடைய எரிபொருள்?

பெட்ரோல் என்றதும் கார் வைத்திருப்பவர் நினைவுக்கு வருகிறார். 2013-ல் நாடு முழுக்க எடுத்த ஓர் ஆய்வில், இந்தியாவில் விற்கும் பெட்ரோலில் 61 சதவீதத்தை டூவீலர்கள்தான் குடிக்கின்றன என்று தெரிந்தது. பெயின்ட் வேலைக்குப் போகிறவர், கொரியர் பையன், முன்னால் காஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு போகும் டிவிஎஸ் 50 காரர். இவர்களின் எரிபொருள் அது.

ஓர் உதாரணக் குடும்பம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வேலை, கையில் வருவது மாதம் 18,000. வாடகை கட்டுப்படியாகாமல் குடியிருப்பது திருநின்றவூர்ப் பக்கம். போக வர 40 கிலோமீட்டர், 26 நாள். கடைகண்ணி, பிள்ளையை ட்யூஷனில் விடுவது எல்லாம் சேர்த்து மாதம் 1,200 கிலோமீட்டர் என்று வைப்போம். வண்டி லிட்டருக்கு 50 கொடுத்தால் 24 லிட்டர்.

2020 ஏப்ரல் விலையில் அது 1,735 ரூபாய். 110.85 ஆனபோது 2,660. 100.80-ல் 2,419. கடைசி எண் சம்பளத்தில் 13 சதவீதத்துக்கும் மேல். அதே கம்பெனியில் லட்ச ரூபாய் வாங்கும் மேனேஜர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் மாதம் 1,000 கிலோமீட்டர் போகிறார். அவருக்கு 6,700 ரூபாய் ஆகிறது, சம்பளத்தில் 7 சதவீதத்துக்கும் கீழே. கூடுதல் பெட்ரோல் எரிப்பவர் அவர். கூடுதல் பாரம் சுமப்பவர் இவர்.

எனக்கு ரூபாயை விட நேரக் கணக்குதான் உறைக்கிறது. 18,000-ஐ 26 நாளுக்கும் 8 மணி நேரத்துக்கும் பிரித்தால் மணிக்கு 86 ரூபாய் சொச்சம். ஒரு லிட்டர் பெட்ரோல் என்பது ஒரு மணி பத்து நிமிட உழைப்பு. 24 லிட்டர் என்பது 28 மணி நேரம். மாதத்தில் மூன்றரை நாள், வண்டி ஓட்டுவதற்காக மட்டுமே இவர் லேத் முன்னால் நிற்கிறார்.

சரி, குறைவாக ஓட்டட்டுமே? இங்கே ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும்: நெகிழாத தேவை. விலை ஏறினாலும் வாங்குவதைக் குறைக்க முடியாத பொருள் என்று அர்த்தம். மல்லிகைப்பூ முழம் நூறு ரூபாய் என்றால் இன்றைக்கு வேண்டாம் என்று வந்துவிடலாம். சர்க்கரை நோயாளியால் மாத்திரையை அப்படி விட முடியாது. பட்டறை 20 கிலோமீட்டரில் இருக்கும்வரை பெட்ரோல் மாத்திரை மாதிரிதான். வெட்டு வேறு செலவில் விழும். லிட்டருக்கு 10 ரூபாய் ஏறினால் இவருக்கு மாதம் 240 ரூபாய். கேட்க அற்பம். 22 ரூபாய் அரை லிட்டர் ஆவின் பச்சைப் பாக்கெட் வாங்கும் வீட்டில், அது 11 நாள் பால்.

அரசு ஊழியருக்கு விலைவாசிக்கு ஏற்ப அகவிலைப்படி வரும். சிறு பட்டறையில் சம்பளம் தீபாவளிக்கோ ஆயுத பூஜைக்கோ முதலாளி மனசு வைத்தால் ஏறும். விலைக்கும் சம்பளத்துக்கும் நடுவே இருக்கும் அந்த மாதங்கள்தான் கைமாத்து வாங்க வைப்பவை.

சுருக்கமாக: மாதக் கணக்கில் பெட்ரோலின் கனத்தை மூன்று எண்கள் தீர்மானிக்கின்றன. லிட்டர் விலை, வேலைக்குப் போகும் தூரம், சம்பளம். செய்தியில் வருவது முதல் எண் மட்டும்.

தக்காளிக்கும் டீசலுக்கும் என்ன உறவு?

இதில் நான் பொதுவான பேச்சோடு ஒத்துப்போவதில்லை. நாசிக்கிலிருந்து கோயம்பேட்டுக்கு வெங்காயம் வரும் தூரம் சுமார் 1,300 கிலோமீட்டர். லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடினால் 325 லிட்டர் டீசல். டீசல் 10 ரூபாய் ஏறினால் ஒரு லோடுக்கு 3,250 ரூபாய் கூடும். லோடு 20 டன். கிலோவுக்கு 16 காசு! லாரி காலியாகத் திரும்புகிறது என்று இரட்டிப்பாக்கினாலும் 32 காசு. "லாரி வாடகை ஏறிடுச்சும்மா" என்று சொல்லிக் கிலோவுக்கு 5 ரூபாய் ஏற்றினால், அதில் டீசலின் பங்கு சில்லறைதான். மழையும் வரத்தும்தான் தக்காளி விலையை ஆட்டுகின்றன.

டீசல் நிஜமாகவே கடிக்கும் இடங்கள் வேறு. எடை அதிகம், விலை குறைவு என்ற சரக்குகள்: செங்கல், ஜல்லி, எம்-சாண்ட், லாரித் தண்ணீர். அப்புறம் விசைப்படகு. மீன் பிடிக்கும் செலவில் பெரும்பகுதியே டீசல்தான். அதனால்தான் மீனவர்களுக்கு வரி விலக்கு டீசல் தருகிறார்கள். பெட்ரோல் பையை நேராகத் தொடுகிறது. டீசல் சுற்றிக்கொண்டு வந்து, வீட்டு வேலை நின்றுபோன கொத்தனார் வழியாகத் தொடுகிறது.

பலகையில் தெரியாத ஏற்றம்

விலைப்பலகை மாறாமலேயே செலவு ஏறவும் வழியுண்டு. 2025 வாக்கில் பங்க்குகளில் இ20 வந்துவிட்டது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் அது. எத்தனாலில் பெட்ரோலைவிட எரிசக்தி குறைவு. இந்தக் கலவைக்காக வடிவமைக்காத டூவீலரில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்று அரசு அமைத்த நிபுணர் குழுவே 2021 அறிக்கையில் சொல்லியிருக்கிறது. நம் லேத் தொழிலாளியின் பழைய வண்டிக்கு அது மாதம் ஒரு லிட்டர். நூறு ரூபாய். எந்தச் செய்தியிலும் "பெட்ரோல் விலை உயர்வு" என்று வராத நூறு ரூபாய்.

நூறு ரூபாய் ஜோக்கையும் தூரத்தில் வைத்துப் பார்க்கலாம். 2020 ஏப்ரலில் அந்த நோட்டுக்கு அவர் வண்டி 69 கிலோமீட்டர் ஓடியது. 2022 ஏப்ரலில் 45. 100.80-ல் சுமார் 50.

விழுப்புரம், கடலூர்ப் பக்கம் உள்ளவர்கள் இதற்குப் புதுச்சேரி எல்லையில் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அங்கே வரி குறைவு, லிட்டருக்கு நான்கைந்து ரூபாய் மிச்சம். வேலையாகப் போகிறவர்களுக்கு லாபம்தான். அதற்கென்றே 20 கிலோமீட்டர் வண்டி எடுத்துப் போய் 5 லிட்டர் டேங்க்கை நிரப்பினால், மிச்சம் பிடிப்பது 25 ரூபாய்க்குள், போகும் வழியில் எரிப்பது 40 ரூபாய்.

திருநின்றவூர் வீட்டில் இன்னொரு வருமானமும் உண்டு. மனைவி ஆவடியில் ஒரு துணிக்கடைக்குப் போகிறார். 2021 மே மாதம் முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அவருடைய போக்குவரத்துச் செலவு ஏறக்குறைய பூஜ்யம். பெட்ரோல் 110 ஆனபோதும் பூஜ்யம்தான். கணவரும் வேலைக்குப் பஸ்ஸிலோ மின்சார ரயிலிலோ போய்விடலாம். ஆனால் ஷிப்ட் முடிவது ராத்திரி பத்தரைக்கு. எஸ்டேட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ நிறையும்வரை காத்திருந்து, ரயிலைப் பிடித்து, இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடந்தால் வீடு சேரப் பன்னிரண்டாகும். வண்டியில் வந்தால் பதினொன்றே கால். அந்த முக்கால் மணி நேரத் தூக்கத்தையும் சேர்த்துத்தான் அவர் நூறு ரூபாய்க்குப் போடுகிறார்.